ஜூலையிலும் எட்டு வரி கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். காலையில் கதவிடுக்கில் கிடக்கும் உங்கள் நாளிதழை அலுவலகத்தில் முதலில் பிரிப்பது நான்தான், அதனால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். போன ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடந்த அத்தனை நாளும் ஒரு பக்கம் ஒதுக்கி, புது நூல்களின் அட்டைப் படம், விலை, கடை எண் எல்லாம் போட்டீர்கள். எங்கள் புத்தகமும் ஒன்று அதில் வந்தது. அந்தப் பக்கத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து, விரலால் தொட்டுக் காட்டி "இது இருக்கா?" என்று கேட்டவர்களைக் கடைக்குள் நின்று பார்த்தேன். மனதார நன்றி. ஆனால் காட்சி முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் நின்றுவிட்டது. இப்போது ஜூலை. இந்த ஆறு மாதத்தில் புது நூல்களைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்தவை என்று நான் கத்தரித்துக் கோப்பில் வைத்திருப்பவை நான்கே நான்கு துணுக்குகள்.

காட்சி இல்லாத மாதங்களிலும் புது நூல்களுக்கு உங்கள் நாளிதழில் எட்டு வரி இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இதற்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று தோன்றலாம். சின்னப் பதிப்பகத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று சொன்னால் நான் கேட்பது ஏன் என்று புரியும்.

நாங்கள் மொத்தம் மூன்று பேர். பதிப்பாளர், அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்; நான்; அப்புறம் கட்டுப் போடுவது, அஞ்சலகம் போவது, பைண்டிங் கடையில் உட்கார்ந்து கையோடு வாங்கி வருவது என்று ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு தம்பி. எழுத்தாளர் அனுப்பும் கோப்பைத் திறப்பதிலிருந்து வாசகர் வீட்டு முகவரியைக் கட்டின் மேல் ஒட்டுவது வரை எல்லாம் இந்த மூன்று பேர்தான். கோப்பு பல நேரம் பாமினியிலோ வேறு ஏதாவது பழைய எழுத்துருவிலோ இருக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றினால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும், காலுக்குப் பதிலாக ரகரம் உட்கார்ந்திருக்கும், ஔவையாரின் முதல் எழுத்து ஒகரமும் ளகரமுமாக இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இதையெல்லாம் ஒழுங்கு செய்த பிறகுதான் ப்ரூஃப் வேலையே தொடங்கும். நான் மூலத்தை வாய்விட்டுப் படிப்பேன், அண்ணன் அச்சுப்படியில் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே வருவார், பாதியில் ஆளை மாற்றிக்கொள்வோம். ஒரு நாளைக்கு 40 பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதைத் தாண்டினால் கண் இருக்கிறதைப் பார்க்காது, இருக்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மேலே போய்விடும்.

இந்த வழக்கம் உடைவது டிசம்பரில்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977-ல் அண்ணா சாலைப் பக்கம் மதரஸா பள்ளி வளாகத்தில் தொடங்கியது. இன்று நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது, கடைகள் பல நூறு. எங்களைப் போன்றவர்களுக்கு வருடம் என்றால் இந்த இரண்டு மூன்று வாரம்தான். அச்சகத்துக்குத் தர வேண்டிய பாக்கி, தாள் கடைக் கணக்கு, எழுத்தாளர்களின் ராயல்டி, எங்கள் சம்பளம் எல்லாம் அந்த நாட்களை நம்பி நிற்கும். பேசுவது, எழுதுவது, விற்பது எல்லாமே ஜனவரியில்தான் என்று ஆகிவிட்டதால் எழுத்தாளரும் "காட்சிக்கு வந்துடுமா?" என்றுதான் கேட்பார். ஆகஸ்டில் எங்களுக்கு வந்த கையெழுத்துப் பிரதியாக இருந்தாலும் ஜனவரிக்குத்தான் புத்தகம். ஆக, தமிழில் அந்த வருடம் வரப்போகிற புத்தகங்களில் பெரும்பகுதி நவம்பர், டிசம்பரில் ஒரே நேரத்தில் ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி அச்சகங்களின் வாசலில் வந்து நிற்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஒரு புத்தகத்தின் கடைசி ப்ரூஃப், அதே நேரம் இன்னொன்றின் அட்டை, மூன்றாவதற்கு ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் போட மறந்திருக்கும். மழைக்கால ஈரத்தில் லேமினேஷன் போட்ட அட்டை சுருண்டு நிற்கும். 40 பக்கம் என்று வைத்திருந்த கணக்கு 120 பக்கம் ஆகும்.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி அவசரத்தில் வந்த ஒரு நாவல், காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள் மாலை கடைக்கு வந்து சேர்ந்தது. நான்காவது நாள் திருவண்ணாமலையிலிருந்து வந்திருந்த ஒரு பையன், கல்லூரியில் படிக்கிறவன், புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தான். 65-ம் பக்கத்திலிருந்து 80 வரை ஒரு ஃபாரம், அதாவது பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்பு, இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது, 81-லிருந்து 96 வரை இல்லவே இல்லை. "அக்கா, கதையில இவரு செத்துட்டாரான்னு எனக்குத் தெரியல" என்றான். கோபப்படவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டான். அன்று ராத்திரி கடையை மூடிய பிறகு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து இருந்த 280 படிகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினோம், 17 படிகள் அப்படி இருந்தன. அவனுக்கு மறுநாள் நல்ல படி கொடுத்துவிட்டோம். அதற்கு முன்பே விற்றுப்போன 20 படிகளில் எத்தனை அப்படிப் போயின என்று இன்று வரை தெரியாது. வாங்கியவர்கள் யார் என்றும் எங்களுக்குத் தெரியாது. அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசையும். அவசரம் இல்லாத மாதத்தில் பைண்டிங் கடையிலிருந்து வரும் கட்டை நாங்கள் பிரித்துப் பார்க்காமல் விட்டதே கிடையாது.

2021-லும் 2022-லும் கொரோனாவால் காட்சி பிப்ரவரிக்குத் தள்ளிப்போனதே, நினைவிருக்கும். வாசகர்களுக்கு அது ஒரு தேதி மாற்றம். எங்கள் அலுவலகத்தில் ஜனவரி வாடகையை அண்ணன் யாரிடமோ கைமாற்று வாங்கித்தான் கொடுத்தார், யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

சரி, இப்போது போன வருடம் ஜூனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், நான் எழுத வந்ததே அதற்காகத்தான்.

தென் மாவட்டத்துக் கண்மாய்களைப் பற்றி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் கோடு போட்ட ஐந்து நோட்டுகளில் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். மடை, மதகு, குமிழித்தூம்பு, தண்ணீர் திறக்கிற முறை, எந்த ஊரில் யாருக்கு முதல் தண்ணீர் என்று அத்தனையும் நேரில் நடந்து பார்த்து எழுதியது. தட்டச்சு செய்தவர் 'கலிங்கு' என்று அடித்திருந்தார். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம். நோட்டில் 'கலுங்கு' என்று இருந்தது. அகராதியில் கலிங்கு இருப்பதைப் பார்த்துவிட்டு, பெரியவர் பேச்சு வழக்கில் எழுதிவிட்டார் போல என்று நினைத்து நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். ப்ரூஃப் போனதும் போன் வந்தது. "ஏம்மா, எங்க ஊர்ல கலுங்குதாம்மா. கலுங்கு பாயுதுன்னுதான் சொல்லுவோம். நீ கலிங்குன்னு போட்டா என் ஊர்க்காரன் இது வேற எந்த ஊரோன்னு நினைச்சிருவான்." 41 இடம். ஒவ்வொன்றாகத் தேடி மாற்றினேன், பின்னால் இருந்த சொல்லடைவில் அந்தச் சொல் இருக்கும் வரிசையையும் மாற்றினேன், இலக்கியத்திலிருந்து அவரே மேற்கோள் காட்டிய ஓரிடத்தில் மட்டும் கலிங்கு என்றே விட வேண்டியிருந்தது. இதற்கு இரண்டு நாள் ஆயிற்று. ஜூன் மாதம் என்பதால் இரண்டு நாள் இருந்தது. டிசம்பராக இருந்திருந்தால் அந்தப் புத்தகம் கலிங்கு என்றே வந்திருக்கும், அந்தப் பெரியவரும் பெரிய மனதோடு பேசாமல் இருந்திருப்பார்.

160 பக்கம், டெமி அளவு, விலை 200 ரூபாய், 300 படி அச்சிட்டோம். முன்பெல்லாம் ஆஃப்செட்டில் ஆயிரம் போட்டால்தான் கட்டுப்படியாகும், இப்போது டிஜிட்டல் அச்சு வந்த பிறகு 50 படி, 100 படி கூடப் போடலாம், அது ஒன்றுதான் எங்களைப் போன்றவர்களை உயிரோடு வைத்திருக்கிறது. புத்தகம் வந்தது. பத்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் அடித்தது, வைத்ததும் திரும்ப அடித்தது. ஒரு நாளிதழின் நூல் பகுதியில் எட்டே எட்டு வரி வந்திருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், பக்கம், விலை, எங்கள் தொலைபேசி எண், புத்தகம் எதைப் பற்றியது என்று மூன்று வாக்கியம். அவ்வளவுதான். பாராட்டு ஒரு சொல் கிடையாது.

அன்றைக்கு மட்டும் 60-க்கும் மேல் அழைப்பு. கோவில்பட்டி, சாத்தூர், தாராபுரம், மானாமதுரை, திருத்துறைப்பூண்டி. ஓசூரில் வேலை பார்க்கும் ஒருவர், அவர் அப்பா நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பகிர்ந்து விடுகிறவராக, இருந்தவராம், அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டார். அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "ஜிபே எல்லாம் எனக்கு வராதும்மா, பேரன் சாயங்காலம் வருவான், அவனை அனுப்பச் சொல்றேன், அதுக்குள்ள தீர்ந்துடாதுல்ல?" என்றார். தீராது அம்மா, எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு படியில் அவர் பெயரை எழுதிய சீட்டைச் செருகி அலமாரியில் தனியாக வைத்தேன். பேரன் மறுநாள்தான் வந்தான் போல, மறுநாள்தான் பணம் வந்தது. மூன்று வாரத்தில் 212 படி போயிற்று. புத்தகக் காட்சியில் இப்படி ஒரு புத்தகம், பெயர் தெரியாத ஒரு பெரியவர் எழுதியது, 30 படி போனால் அதிகம். அங்கே வருகிறவர்கள் சென்னைக்கு வர முடிந்தவர்கள். தாராபுரத்துக்காரர் எதற்காக 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு நந்தனம் வர வேண்டும்?

அழைத்தவர்களின் பெயரையும் ஊரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது முன்கூட்டியே கையொப்பம் போட்டுப் பணம் கொடுத்தவர்களின் துணையில்தான் அந்த வேலையை முடித்தார். எங்கள் அடுத்த புத்தகத்தை இந்த நோட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் முதலில் முன்வெளியீட்டு விலையில் அறிவித்தோம், 70 பேர் பணம் கட்டினார்கள். யாருக்காகப் புத்தகம் போடுகிறோம் என்று பெயரோடு தெரிந்து வேலை பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்தப் புத்தகத்துக்கு ப்ரூஃப் பார்க்கும்போது அருப்புக்கோட்டை ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அனுப்புகிற செலவையும் சொல்ல வேண்டும். புத்தகங்களுக்கென்று இருந்த பதிவுப் புத்தக அஞ்சலை அஞ்சல் துறை 2024 டிசம்பர் 18-ம் தேதி நிறுத்திவிட்டது. அதில் 5 கிலோ கட்டு 80 ரூபாய்க்குப் போனது, பதிவுப் பார்சலில் அதுவே 229 ரூபாய் ஆனது. அப்புறம் 2025 மே 1 முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. எங்கள் கண்மாய்ப் புத்தகம் அட்டையோடு 200 கிராம் சொச்சம்தான், இரண்டு பக்கமும் அட்டை வைத்துப் பழுப்புத் தாள் சுற்றினாலும் 300-க்குள் அடங்கும். அதில் எந்தப் புத்தகத்தை ஏற்பது என்பதற்கு விதிகள் உண்டு. ஏற்றுக்கொண்டவை அதில் போயின, மீதி கூரியரில். கூரியரில் போன ஒவ்வொன்றிலும் எங்களுக்கு நின்றது மிகக் கொஞ்சம்.

ஏனென்றால் 200 ரூபாயின் கணக்கு இது. அச்சு, தாள், அட்டை, பைண்டிங் சேர்ந்து 300 படிக்கு ஒரு படி 80 ரூபாய்க்குப் பக்கம். எழுத்தாளருக்கு 10 சதவீதம், 20 ரூபாய். கடை வழியாகப் போனால் கடைக்கு 35-லிருந்து 40 சதவீதம் கழிவு, பணம் வர மாதக் கணக்கு, விற்காதவை மூலை மடங்கித் திரும்பி வரும். மிஞ்சுகிற இருபது முப்பது ரூபாயில்தான் வாடகை, மின்சாரம், சம்பளம், ப்ரூஃபுக்கு உட்கார்ந்த நாட்கள். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அச்சுத் தாளுக்கு உண்டு, அதுவும் 2025 செப்டம்பரில் 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, விற்கிற பொருளுக்கு வரி இல்லாததால் தாளுக்குக் கட்டிய வரியை நாங்கள் திரும்ப எடுக்கவும் முடியாது. தமிழ்ப் புத்தகம் விலை அதிகம் என்று கடையில் யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. 200 ரூபாய் பலருக்குப் பெரிய பணம்தான். இந்தக் கணக்கை ஒரு தடவையாவது எங்காவது எழுதிவிட வேண்டும் என்று இருந்தேன், எழுதிவிட்டேன்.

நூலகங்களுக்கு விற்கலாமே என்பீர்கள். 1948-லேயே சட்டம் போட்டு, சொத்து வரியோடு நூலக வரியும் வாங்கி நூலகம் நடத்துகிற மாநிலம் இது, 4,500-க்கும் மேல் பொது நூலகங்கள். நூலக ஆணை கிடைத்த வருடங்களில் ஒரு தலைப்புக்கு ஆயிரம் படி வரை போய் எங்களைக் கரை சேர்த்திருக்கிறது. ஆனால் அது எப்போது வரும் என்று வைத்துக்கொண்டு ஒரு புத்தகத்துக்குத் திட்டம் போட முடியாது. ஜூலையில் நெய்வேலி, ஆகஸ்டில் ஈரோடு, இப்போது எல்லா மாவட்டத்திலும் புத்தகத் திருவிழாக்கள், எல்லாம் நல்லதே. மூன்று பேர் இருக்கிற இடத்தில் எல்லாவற்றுக்கும் கடை போட்டுப் போக ஆள் இல்லை. போனால் அந்தப் பத்து நாளும் இங்கே அலுவலகம் பூட்டியிருக்கும்.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். முன்பு பத்திரிகைகளில் 'வரப்பெற்றோம்' என்று ஒரு சின்னப் பகுதி இருக்கும். மதிப்புரை எழுத ஆள் இல்லாவிட்டாலும், வந்த புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பக்கம், விலை, கிடைக்குமிடம் மட்டும் வரிசையாகப் போடுவார்கள். என் அப்பா ஊரில் இருந்துகொண்டே அதைப் பார்த்துத்தான் அஞ்சலட்டை போட்டுப் புத்தகம் வரவழைப்பார். நானும் அப்படி வந்த புத்தகங்களைப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் 52 வாரமும் வேண்டும். உங்கள் மேசைக்கு எவ்வளவு புத்தகம் வருகிறது, இடம் எவ்வளவு நெருக்கடி என்று எனக்குத் தெரியும், ஒரு பத்தி அகல விளம்பரத்தின் விலை என்ன என்றும் தெரியும். நான்கு புத்தகத்துக்கு எட்டு எட்டு வரி, மற்றவை பெயர்ப் பட்டியலாக இருந்தாலும் சரி. தொலைபேசி எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அட்டைப் படத்துக்கு இடம் இல்லையென்றால் படத்தை விடுங்கள், எண்ணை விடாதீர்கள். அழைக்கிறவர்களில் பாதிப் பேர் இணையத்தில் தேடுகிறவர்கள் கிடையாது.

இன்னொன்று. பெயர் பெற்ற எழுத்தாளர்களின் புத்தகம் எப்படியும் வாசகர் காதுக்குப் போய்விடும். அந்த எட்டு வரியை முதல் புத்தகம் எழுதியவருக்கு, ஊர் வரலாறு எழுதியவருக்கு, ஒரு தொழிலைப் பற்றி அந்தத் தொழில் செய்தவரே எழுதியதற்குக் கொடுங்கள். அப்படி ஒரு பகுதி ஜூனிலும் செப்டம்பரிலும் வரும் என்ற உறுதி இருந்தால், நான் அண்ணனிடம் மூன்று புத்தகத்தை டிசம்பரிலிருந்து எடுத்து வருடத்தின் நடுவில் போடலாம் என்று தைரியமாகச் சொல்வேன். இப்போது எங்களிடம் ஆறு கையெழுத்துப் பிரதிகள் காத்திருக்கின்றன. ஒன்று தறி நெய்கிறவர் எழுதியது, அதில் இருக்கும் சொற்களில் பாதிக்கு நான் அவரிடம் போனில் கேட்டுத்தான் பொருள் தெரிந்துகொள்கிறேன். அதை நாளைக்கு 40 பக்கம் என்ற கணக்கில்தான் படிக்க ஆசை.

கண்மாய்ப் புத்தகத்தின் இரண்டாம் அச்சு போன வாரம் வந்தது. இரண்டு படிகள் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். முதல் அச்சு ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் இருந்தால், 93-ம் பக்கத்தில் ஒரு ஊரின் பெயர் தவறாக இருக்கும், அந்த ஊர்க்காரர் ஒருவர் அழைத்துச் சொன்னார். இதில் திருத்திவிட்டோம். இந்த அச்சைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சிறு பதிப்பக ஊழியர் ஒருவர்,
திருவல்லிக்கேணி, சென்னை.